லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே



‘எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்?’ இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கடைக்காரரைக் கேட்டால் இருப்பில் உள்ளதைச் சொல்வார். நண்பரைக் கேட்டால் தன்னிடம் உள்ளதைச் சொல்வார். என்னைக் கேட்டால்? நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்? அது உங்களை எவ்வளவு கிட்டே வர விடும்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் லென்ஸ் பார்க்கக் கிளம்புவது, பெண் யாரென்று முடிவாகும் முன்பே வளையல் வாங்கப் போவதைப் போன்றது.

நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்க நினைத்திருப்பீர்கள். “ஐயா, எது ரொம்ப ஷார்ப்?” எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். சந்தையில் பெயர் பெற்ற எந்த மேக்ரோ லென்ஸும் கூர்மையானதுதான். கேனான் 100, நிக்கான் 105, சோனி 90, டாம்ரான் 90, இவற்றில் எதை எடுத்தாலும் சரி. டாம்ரான் நிறுவனம் தன் முதல் 90 மி.மீ. மேக்ரோவை 1979-ல் வெளியிட்டது. அதை இன்றைய கேமராவில் மாட்டி எடுத்தாலும் எறும்பின் மீசை மயிர் தெரியும். போதாததற்கு, மேக்ரோவில் நாம் பெரும்பாலும் எஃப் 11, எஃப் 16 என்று அபர்ச்சரை மூடித்தான் எடுக்கிறோம். அவ்வளவு சிறிய துளை வழியாகப் போகும் ஒளி சிதறிக் கொஞ்சம் பரவும். அந்தப் பரவல் விலை உயர்ந்த லென்ஸையும் மலிவான லென்ஸையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடும். சோதனைக்கூட வரைபடங்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள். கூர்மையைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை.

முதல் கேள்விக்கு வருவோம். எதை எடுக்கப் போகிறீர்கள்? பெயரைக் கேட்கவில்லை, அளவைக் கேட்கிறேன். எத்தனை மில்லிமீட்டர்?

மேக்ரோ லென்ஸின் மேல் 1:1 என்று போட்டிருக்கும். பொருள் எவ்வளவு பெரிதோ, சென்சாரின் மேல் விழும் பிம்பமும் அவ்வளவு பெரிது என்று அர்த்தம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஆகவே 1:1-ல் உங்கள் படத்துக்குள் அடங்குவது 36-க்கு 24 மி.மீ. பரப்பு மட்டும்தான். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதை 1:1-ல் எடுத்தால் என்ன ஆகும்? மேலேயும் கீழேயும் வெட்டுப்படும்! நாணயம் சேகரிக்கிற நண்பர்கள் “எனக்கு 1:1-க்கு மேலே போகிற லென்ஸ் வேண்டும்” என்று கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். முழு நாணயத்தை எடுக்க உங்களுக்கு 1:1 கூடத் தேவையில்லை. நாணயத்தின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய அச்சுக்குறிதான் வேண்டும் என்றால் அது வேறு கதை.

இன்னும் ஒரு கணக்கு. 2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவன் அறிவிக்கப்பட்டது. சிறகை விரித்தால் ஏறத்தாழ 60 முதல் 75 மி.மீ. இருக்கும். 1:2-ல், அதாவது பாதி அளவில் எடுத்தால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 72-க்கு 48 மி.மீ. பரப்பு அடங்கும். தமிழ் மறவன் விளிம்பு வரைக்கும் வந்து நிரம்பிவிடுவான். உண்மையில் அவ்வளவு நெருக்கமாக வெட்டி எடுத்தால் படம் மூச்சு முட்டும். சுற்றிலும் கொஞ்சம் இலையும் வெளிச்சமும் வேண்டும். அப்படியென்றால் கால் அளவே, அதாவது 1:4-ஏ போதும். 1:4-ஐ எது தரும்? நல்ல டெலி லென்ஸ்கள் பல தரும். கேனானின் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றபடியே கிட்டத்தட்ட கால் அளவு பிம்பத்தைத் தருகிறது. எத்தனையோ பட்டாம்பூச்சிப் படங்கள் அதில் எடுக்கப்பட்டவைதான். பட்டாம்பூச்சி மட்டுமே எடுப்பேன் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு மேக்ரோ லென்ஸே வேண்டாம். இதைச் சொன்னதற்காகக் கடைக்காரர்கள் என் மேல் கோபப்படலாம். படட்டும்.

ஆனால் எறும்பு? அங்கேதான் மேக்ரோ லென்ஸுக்கு வேலை. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பார்த்திருப்பீர்கள், கடியும் வாங்கியிருப்பீர்கள். பெரிய வேலைக்கார முசுறு 8 முதல் 10 மி.மீ. நீளம். 1:1-ல் எடுத்தாலும் ஃபுல் ஃபிரேமின் அகலத்தில் நாலில் ஒரு பங்கைத்தான் அது அடைக்கும். பெரும்பாலான ஏபிஎஸ்-சி சென்சார்களின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 மி.மீ. அதில் ஏறத்தாழப் பாதியை நிரப்பிவிடும். சின்ன சென்சார் வைத்திருக்கிறோமே என்று வருந்துகிற நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். மேக்ரோவில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஒலிம்பஸ் 2012-ல் கொண்டுவந்த 60 மி.மீ. மேக்ரோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஃபுல் ஃபிரேம்காரர் 2:1-ல் காட்டுவதை நீங்கள் அதில் 1:1-லேயே காட்டலாம்.

முசுறுக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு உயிரும் நடமாடும். பார்ப்பதற்கு அதே சிவப்பு, அதே நடை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அது எறும்பே இல்லை. முசுறுபோல வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி! முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே போகும். கண்ணை எண்ணினால் எட்டு. காலை எண்ணினால் எட்டு. அந்த எட்டுக் கண்ணையும் படத்தில் எண்ணிக் காட்ட வேண்டும் என்ற ஆசை யாருக்கு வருகிறதோ, அவருக்கு 1:1 தொடக்கம் மட்டும்தான். அவரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜூம் லென்ஸ்களின் மேலும் ‘மேக்ரோ’ என்று அச்சடித்து விற்கிறார்கள். 70-300 வகை மலிவு ஜூம்கள் அதிகபட்சம் 1:2 வரை போகும். வேறு சில 1:3-ஐயோ 1:4-ஐயோ தாண்டாது. அது மோசமான லென்ஸ் என்று நான் சொல்லவில்லை. பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் தாராளமாகப் போதும். ஆனால் எறும்பை நினைத்து அதை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். நிக்கான்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அவர்கள் இந்த வகை லென்ஸ்களை ‘மைக்ரோ’ என்று விற்று வந்தார்கள். நீங்கள் தேடுவதும் அதுவேதான்.

அடுத்து இரண்டாவது கேள்வி. இன்றைய பேச்சின் உயிர்நாடி இதுதான். அது உங்களை எவ்வளவு கிட்டே வர விடும்?

50 மி.மீ. மேக்ரோவும் 1:1 தருகிறது. 100 மி.மீ. மேக்ரோவும் 1:1 தருகிறது. 180-ம் அதே 1:1 தான் தருகிறது. பிம்பத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. பிறகு எதற்காக 180-க்கு அத்தனை பணம்? நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இடைவெளியை! லென்ஸின் முகப்புக் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தை! அதைத்தான் வொர்க்கிங் டிஸ்டன்ஸ் என்கிறோம்.

விளம்பரத் தாளில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. அங்கே இருப்பது குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். அது லென்ஸின் முனையிலிருந்து அளந்ததல்ல, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளந்தது. கேனான் 100 மி.மீ. எல் மேக்ரோவுக்கு 30 செ.மீ. என்று போட்டிருக்கும். அடடா, ஓர் அடி தூரம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த லென்ஸின் நீளம் 12.3 செ.மீ. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை 4.4 செ.மீ. இரண்டையும் கழியுங்கள். மிச்சம் 13 செ.மீ. சொச்சம். நீளமான ஹூட்டை மாட்டினால் அதிலும் பெரும் பகுதி போய்விடும். ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீண்டு வரும் பழைய பாணி லென்ஸாக இருந்தால் அந்த நீட்சியையும் கழிக்க வேண்டும். சிலந்தி வலைக்கு முன்னால் நின்று ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸே நீண்டு போய் வலையை இடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கழித்தல் கணக்கை எல்லா லென்ஸுக்கும் போடுங்கள். நிக்கானின் 40 மி.மீ. மேக்ரோ, ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கானது. விலை குறைவு, எடை குறைவு, கூர்மையோ அபாரம். 1:1-ல் அதன் முனைக்கும் பொருளுக்கும் நடுவே இருப்பது 4 செ.மீ. கூட இல்லை. இரண்டு விரல் தடிமன்! கேனானின் 60 மி.மீ. லென்ஸில் 9 செ.மீ. வரும். 100-ல் 13. கேனானின் 180-ல் 24 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும்.

இப்போது ஒரு தட்டானை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது, வேலிக் குச்சியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் பாதிக்கு மேல் கண்தான். நீங்கள் 4 செ.மீ. தூரத்துக்குப் போகிற வரைக்கும் அது உட்கார்ந்திருக்குமா? போய்விட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வெளிச்சம் எங்கிருந்து வரும்? உங்கள் லென்ஸின் நிழலே அதன் மேல் விழுந்திருக்கும். ஃபிளாஷை எங்கே வைப்பீர்கள்? இடமே இல்லையே! இடைவெளி குறைந்தால் பூச்சி பறக்கும். இடைவெளி குறைந்தால் நிழல் விழும். இடைவெளி குறைந்தால் விளக்குக்கு இடமிருக்காது. மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றே.

இன்றைய செல்பேசிகளில் மேக்ரோ வசதி வருகிறது. 2021-ல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ, பொருளுக்கு 2 செ.மீ. கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். பூவுக்கும் தானியத்துக்கும் துணி நெசவுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. உயிருள்ள பூச்சி என்றால் அந்த 2 செ.மீ.-தான் அதன் எல்லை.

கடிக்கிற உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேளுக்கு 100 மி.மீ. போதும், கையைத் தரையில் ஊன்றாமல் இருந்தால். சுருட்டை விரியனை 60 மி.மீ. லென்ஸால் எடுக்க நினைக்கிறவர் என்னிடம் வந்தால் லென்ஸின் பெயரைச் சொல்ல மாட்டேன், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வேன். பாம்புக்கு டெலி லென்ஸ், இரண்டு மூன்று மீட்டர் தூரம். அதில் பேரமே கிடையாது.

அப்படியானால் 50, 60 மி.மீ. மேக்ரோக்களை எதற்குச் செய்தார்கள்? அதற்கு மேக்ரோ லென்ஸின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1955-ல் ஜெர்மானியரான ஹைன்ஸ் கில்ஃபிட், மேக்ரோ-கிலார் என்ற 40 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தார். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் என்று அதைச் சொல்வது வழக்கம். அடுத்த ஆண்டே, 1956-ல், ஜப்பானில் நிக்கான் 5 செ.மீ. மைக்ரோ-நிக்காரை வெளியிட்டது. எதற்காகத் தெரியுமா? பூச்சிக்காக இல்லை, புத்தகத்துக்காக! அந்நாளில் ஆவணங்களைச் சிறு ஃபிலிமில் நுண்படமாக எடுத்துச் சேமிப்பார்கள். ஜப்பானிய எழுத்துகளில் ஒரே எழுத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சாதாரண லென்ஸில் எடுத்தால் அவை ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். தாளின் நடுவிலும் மூலையிலும் ஒரே தெளிவு வேண்டும், நேர்கோடு வளையக் கூடாது. அந்தத் தேவைக்குப் பிறந்த குடும்பம் இது.

நம்மிடமும் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களைக் கொண்டு 1994-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சு நூல்களை நுண்படமாக எடுத்துக் காத்தது. உங்கள் ஊர்க் கோயிலில் ஓலைச்சுவடி இருக்கலாம். பரணில் தாத்தாவின் தபால்தலை ஆல்பம் இருக்கலாம். பாட்டியின் கையெழுத்துக் குறிப்பேடு இருக்கலாம். இவை பறந்து போகாது, கடிக்காது. இவற்றுக்கு 50, 60 மி.மீ. மேக்ரோதான் சிறந்தது. காரணம் இதுவும் இடைவெளிக் கணக்கே. ஓர் ஏ4 தாளை ஃபுல் ஃபிரேமில் நிரப்ப 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் போதும், மேசையின் மேல் ஸ்டாண்டை வைத்து உட்கார்ந்தபடியே எடுக்கலாம். 100 மி.மீ. என்றால் ஒரு மீட்டர் உயரம் வேண்டும், நாற்காலி மேல் ஏறித்தான் வ்யூஃபைண்டரைப் பார்க்க வேண்டும்! பூச்சிக்குக் குறையாகத் தெரிந்தது சுவடிக்கு நிறையாகிறது. அதனால்தான் எது நல்ல லென்ஸ் என்று கேட்காமல், எதற்கு நல்ல லென்ஸ் என்று கேட்கச் சொல்கிறேன்.

சரி, பூச்சிக்கு இடைவெளிதான் முக்கியம் என்றால் எல்லோரும் 180-ஏ வாங்கிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். எனக்கு 180 மி.மீ. மிகவும் பிடிக்கும். அதன் பார்வைக் கோணம் குறுகலானது. பின்னால் இருக்கும் குப்பை, குச்சி, வெள்ளை வானம் எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஓர் அடி நகர்ந்தால் பின்னணி முழுவதும் பச்சையாகிவிடும். அப்படியிருந்தும் உங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதைச் சொல்ல மாட்டேன். கேனான் 180-ன் எடை ஒரு கிலோவுக்கு மேல், 1090 கிராம். அது 1996-ல் வந்தது, கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இல்லை. டிரைபாட் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு முசுறின் பின்னால் ஓட முடியாது. எறும்பு உங்களுக்காகக் காத்திருக்கவும் செய்யாது.

பலரும் நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை இங்கே திருத்திவிடுகிறேன். குவிய நீளம் குறைந்த லென்ஸில் தெளிவின் ஆழம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். பொதுப் படங்களில் அது சரி. மேக்ரோவில் எடுபடாது. பிம்பத்தின் அளவும் அபர்ச்சரும் ஒன்றாக இருந்தால் 60-லும் 180-லும் தெளிவின் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றே. எவ்வளவு என்கிறீர்கள்? ஃபுல் ஃபிரேமில் 1:1-ல் எஃப் 8 வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃப் 2.8-ல் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எஃப் 16-க்குப் போனால் இரண்டு மில்லிமீட்டர். அவ்வளவுதான்! சிலந்தியின் முன்கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்கண் மங்கிவிடும். ஆகவே எஃப் 2.8 என்று பெருமையாக எழுதியிருக்கிறதே, அதை நெருக்கத்தில் நீங்கள் பயன்படுத்தப் போவதே இல்லை. வ்யூஃபைண்டர் வெளிச்சமாக இருக்கும், முகப் படம் எடுக்க உதவும், அதோடு சரி. எஃப் 4 மேக்ரோ மலிவாகக் கிடைத்தால் தயங்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. லென்ஸ் 1:1-க்குப் போகும்போது உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். எஃப் 11 என்று வைத்தால் நடப்பில் எஃப் 22-ஐப் போல வேலை செய்யும். நிக்கான் கேமராக்கள் இந்த உண்மையான எண்ணையே காட்டும். அதனால்தான் கிட்டே போகப் போக எண் தானாக ஏறுகிறது. அதைப் பார்த்து லென்ஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. கேனான் கேமராக்கள் காட்டுவதில்லை. காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஒளி குறைவது குறைவதுதான்.

தெளிவுக்கு ஆழமில்லை. ஒளியும் இல்லை. பூச்சியோ அசைகிறது. என்ன செய்வது? இந்த இடத்தில்தான் என் வாதம் கடைக்காரர்களுக்குப் பிடிக்காத திசையில் போகிறது. லென்ஸுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஃபிளாஷுக்குக் கொடுங்கள்! சாதாரண ஃபிளாஷ் ஒன்று, குறைந்த சக்தியில் எரிந்தால் விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் மின்னும். கை நடுங்கினாலும் இலை ஆடினாலும் படம் உறைந்து நிற்கும். அந்த வெளிச்சத்தை மென்மையாக்க டிஃப்யூசர் வேண்டும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டிரேசிங் பேப்பர், வெள்ளை ஃபோம் ஷீட், கொஞ்சம் டேப் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பூச்சிக்கு எவ்வளவு கிட்டே, எவ்வளவு அகலமாக அது நிற்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டாக வெடிக்கிற பளபளப்பு அடங்கி, நிறம் தெரியத் தொடங்கும். அந்த டிஃப்யூசரை நிறுத்தவும் இடம் வேண்டுமே, எங்கே நிறுத்துவீர்கள்? மறுபடியும் இடைவெளி! 13 செ.மீ. இருந்தால் அழகாக நிற்கும்.

கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியைப் பற்றிக் கேட்பீர்கள். நிக்கான் 2006-ல் 105 மி.மீ. மேக்ரோவில் அதைக் கொண்டுவந்தது. கேனான் 2009-ல் 100 மி.மீ. எல் லென்ஸில், கேமரா சாய்வதை மட்டுமல்லாமல் பக்கவாட்டில் நகர்வதையும் சரிசெய்யும் ஏற்பாட்டைச் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் கேனானே சொல்லும் கணக்கில், சாதாரணத் தூரத்தில் நாலு ஸ்டாப் உதவி செய்கிற அந்த வசதி 1:1-ல் இரண்டு ஸ்டாப்தான் தருகிறது. பூச்சி அசைவதை அது தடுக்காது, நீங்கள் முன்னும் பின்னும் ஆடுவதையும் தடுக்காது. ஆட்டோ ஃபோகஸும் அப்படியே. 1:1-ல் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகள் ஃபோகஸை மேனுவலில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே கொண்டுபோய், கண் தெளிகிற நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள். எனவே இந்த இரண்டு வசதியும் இல்லாத பழைய லென்ஸ் கிடைத்தாலும் பூச்சி வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. மார்கழி, தை மாத விடியற்காலையில் போங்கள். பனியில் விறைத்த தும்பி அசையாமல் உட்கார்ந்திருக்கும், டிரைபாட் போட்டு நிதானமாக எடுக்கலாம்.

இப்போது, இன்னும் லென்ஸ் வாங்காதவர்களே, பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிற மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் கேமராவோடு வந்த 55-200 அல்லது 55-250 ஜூம் இருக்கும். அதன் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு லென்ஸைக் கவ்வி மாட்டலாம். இது 8 டையாப்டர் சக்தி கொண்டது, அதாவது 125 மி.மீ. குவிய நீளம். 200 மி.மீ.-ல் ஜூமை வைத்தால் 200-ஐ 125-ஆல் வகுங்கள். 1.6 மடங்கு! மேக்ரோ லென்ஸ் தருவதைவிட அதிகம். இடைவெளியும் 12 செ.மீ. வரை கிடைக்கும். விலையோ மேக்ரோ லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்கு. 50 மி.மீ. லென்ஸ் மட்டும்தான் இருக்கிறதா? எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். 25 மி.மீ. குழாய் போட்டால் 50 மி.மீ. லென்ஸ் பாதி அளவு பிம்பம் தரும், 50 மி.மீ. போட்டால் 1:1. ஆனால் இடைவெளி சுருங்கிவிடும். மின்தொடர்பு இல்லாத மலிவுக் குழாயில் அபர்ச்சரை மாற்ற முடியாது என்பதையும் கவனியுங்கள். லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங்கும் உண்டு. எல்லாவற்றையும்விட மலிவு, எல்லாவற்றையும்விடத் தொல்லை. ஒரு வருடம் ரேநாக்ஸை வைத்து எடுங்கள். அதற்குள் நீங்கள் எறும்பு ஆளா, பட்டாம்பூச்சி ஆளா, சுவடி ஆளா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எட்டுக் கண்ணையும் எண்ண ஆசைப்பட்டவரைப் பிறகு பார்க்கலாம் என்றேனே, அவருக்கு இரண்டு வழி. சீனாவின் வீனஸ் ஆப்டிக்ஸ் நிறுவனம் லாவோவா என்ற பெயரில் 100 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை 2019-ல் வெளியிட்டது. தொலைதூரத்திலிருந்து தொடங்கி 2:1 வரை ஒரே லென்ஸில் போகும். கேனானின் 2021-ம் ஆண்டு ஆர்எஃப் 100 கூட 1.4 மடங்கு தருகிறது. இன்னும் மேலே போக வேண்டுமானால் கேனான் எம்பி-ஈ 65 உண்டு. 1:1-ல் தொடங்கி 5:1 வரை போகும். 5:1-ல் ஃபுல் ஃபிரேமை நிரப்ப 7 மி.மீ. பொருள் போதும். ஆனால் அது வேறு எதையும் எடுக்காது, தூரத்துக்கு ஃபோகஸே ஆகாது. 5:1-ல் இடைவெளி 4 செ.மீ.-தான். தெளிவின் ஆழம் முடியளவு. அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் அடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான லென்ஸ் அது. பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து விறைக்க வைத்துப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நான் ஒளிப்படக் கலையில் சேர்ப்பதில்லை.

பழைய லென்ஸ் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். நம்மைப் போலக் கடற்கரை ஊர்களில் இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஈரக் காற்றில் லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். செல்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், தோல் பைக்குள் மூடி வைக்காதீர்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சுவடி, தபால்தலை, நாணயம் என்றால் 50 அல்லது 60. பட்டாம்பூச்சி மட்டும் என்றால் உங்களிடம் இருக்கும் டெலி லென்ஸே. எறும்பு, சிலந்தி, தட்டான், பூ, நடுநடுவே குழந்தையின் முகம் என்றால் 90 முதல் 105 வரைக்குள் ஏதாவது ஒன்று, உங்கள் கேமராவுக்குப் பொருந்துவது எதுவோ அது. ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காரர்களுக்கு 60-ம் ஒத்துவரும்.

கடைக்குப் போகும்போது பள்ளிக்கூட ஸ்கேல் இரண்டு எடுத்துப் போங்கள். லென்ஸைக் கேமராவில் மாட்டச் சொல்லி, மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் வைத்து ஒரு ஸ்கேலைப் படமெடுங்கள். ஃபுல் ஃபிரேமில் 36 மி.மீ. கோடுகள், ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24 கோடுகள் அடங்கினால் அது உண்மையான 1:1. அதைவிட அதிகம் அடங்கினால் 1:1 இல்லை. அதே நிலையில் இன்னொரு ஸ்கேலால் லென்ஸின் முனைக்கும் முதல் ஸ்கேலுக்கும் நடுவே எத்தனை செ.மீ. இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.